சிப் ஆலை இல்லாத ஊரிலிருந்து குறைமின் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கடிதத்தின் சாரம்: திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது விரிவுரையாளர் எழுதியிருக்கிறார். எம்.இ. வி.எல்.எஸ்.ஐ. டிசைன் (சிப் வடிவமைப்பு) முடித்து, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்று வருஷமாக வேலை. சம்பளம் 24,000 ரூபாய். மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் கணினிகள் பற்றி, சின்னச் சுற்றிலிருந்து டேட்டா சென்டர் வரைக்கும், முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசைப்படுகிறார். வேலையில் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களைக் கல்லூரி திருப்பித் தர மறுக்கிறது. ஆறு மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவார்களாம். தை பிறந்தால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. சென்னையில் இருக்கும் மாமா, "ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு, டேட்டா சென்டர்ல ஆபரேஷன்ஸ் வேலைக்கு வந்துடு" என்கிறார். பணம் கொடுத்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை போட்டுத் தருவதாக ஒரு கன்சல்டன்ட் வேறு பின்னால் அலைகிறார்.

அப்பாவின் வயலுக்காக அவரே ஒரு கருவியும் செய்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்து அரை மணிக்கு ஒருமுறை வீட்டுக்குச் சொல்லும் நீர்மட்ட சென்சார். உள்ளே இஎஸ்பி-32 சிப் பதித்த ஒரு போர்டு, குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் எட்டும் லோரா ரேடியோ, 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் செல். உறக்க நிலையில் சிப் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்கிறது டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாள். அந்தக் கணக்குப்படி செல் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்க வேண்டும். 11 நாளில் தீர்ந்துவிட்டது. "நிஜமான குறைமின் வேலை என்றால் சொந்தமாகச் சிப் வடிவமைக்க வேண்டும். அதற்கு இங்கே வசதி ஏது?" என்று கேட்கிறார். இன்னும் சிறிய டிரான்சிஸ்டர்கள் கொண்ட இரண்டு நானோமீட்டர் சிப் வந்தால் மின்சாரப் பிரச்சினை தானாகத் தீர்ந்து தன் ஆய்வு வீணாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. டெல்டாவுக்கே ஒரு டேட்டா சென்டர் வந்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 11 நாள்தான். அதை நீங்கள் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை உங்கள் ஆய்வின் முதல் அளவீடாகப் பார்க்கிறேன். வழிகாட்டி தேடும்போது உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட இதுதான் அதிகம் பேசும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மின்சாரம் எங்கே போனது?

11 நாள் என்றால் 264 மணி நேரம். 2600-ஐ அதால் வகுத்தால், கருவி சராசரியாக 10 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறது. டேட்டாஷீட் சொன்னதைப் போல ஆயிரம் மடங்கு. ரேடியோ இவ்வளவையும் குடித்திருக்க முடியாது. அரை மணிக்கு இரண்டு விநாடி விழித்து, அப்போது 100 மில்லி ஆம்பியர் எடுத்தாலும், சராசரியில் அது 0.11 மில்லி ஆம்பியர்தான்.

டேட்டாஷீட் பொய் சொல்லவில்லை. அது சிப்பைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் வயலில் வைத்தது போர்டை. மலிவான போர்டுகளில் பெரும்பாலும் ஏஎம்எஸ் 1117 வகை ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) இருக்கும். சும்மா இருப்பதற்கே அது 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். எப்போதும் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு எல்.இ.டி., கணினியோடு இணைக்க மட்டுமே தேவைப்படும் யு.எஸ்.பி. சிப், மின்சாரத்தைத் துண்டிக்காமல் விட்ட அல்ட்ராசோனிக் சென்சார் எல்லாம் ஆளுக்கு ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் உங்கள் பத்து வந்துவிடும்.

எல்.இ.டி.யைக் கழற்றுங்கள். ஓய்வில் சில மைக்ரோ ஆம்பியரே எடுக்கும் ரெகுலேட்டரை மாற்றுங்கள். சென்சாருக்குச் சுவிட்ச் போல ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைப் போட்டு, அளக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து குறித்து வையுங்கள். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் தொடராக வைத்தால், போர்டு விழிக்கும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து ரீசெட் ஆகும். ஒரு சின்ன ஷன்ட் மின்தடையைப் போட்டு அதன் குறுக்கே கல்லூரி ஆய்வகத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். கூகுளில் இருந்த பரோசோவும் ஹோல்ஸ்லும் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீத வேலைதான் செய்கின்றன, ஆனால் வேலையே இல்லாதபோதும் உச்சச் செலவில் பாதியை எடுத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். செய்யும் வேலைக்குத் தக்கபடி மின்செலவும் இறங்க வேண்டும் என்பதே அவர்களின் வாதம். அதற்குப் பிறகு வந்த சர்வர் வடிவமைப்பை அந்தக் கட்டுரை நிறைய மாற்றியது. உங்கள் வாய்க்கால் கருவியில் நடந்ததும் அதுவே: சும்மா இருந்த நேரம்தான் செல்லைத் தின்றது.

சிப் சிறிதாகிவிட்டால் போதாதா?

போதாது. இந்த எண்ணம் பொறியியல் படித்தவர்களிடமே பரவலாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1974-இல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் ஒரு விதியைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அதன் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கான மின்செலவு ஏறாது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போவது என்பதால், வோல்ட்டைப் பாதியாக்கினால் செலவு கால்வாசியாகும். முப்பது வருஷம் இந்த விதி ஓடியது. 2005 வாக்கில் நின்றுபோனது. காரணம் கசிவு. அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் கசிவைப் பத்தில் ஒன்றாக்க, அதைத் திறந்து மூடும் கேட் முனையின் மின்னழுத்தத்தில் குறைந்தது 60 மில்லிவோல்ட் வேண்டும். இது இயற்பியல் போட்ட கோடு. சாதாரண டிரான்சிஸ்டரால் தாண்ட முடியாது. வோல்ட்டை இன்னும் இறக்கினால், அணைத்து வைத்த டிரான்சிஸ்டர்களும் ஒழுகும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கருவிக்கு இது சின்ன விஷயமில்லை.

அதைவிடப் பெரிய செலவு இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட 45 நானோமீட்டர் கணக்கில், இரண்டு 32-பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிக்கோஜூல்தான் ஆகிறது (பிக்கோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதே 32 பிட்டை வெளியே உள்ள டிராம் நினைவகத்திலிருந்து கொண்டுவர 640 பிக்கோஜூல். 6,400 மடங்கு! கடைமடைக்காரரான உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீருக்கு உங்கள் வயல் வரை வந்து சேர்வதுதானே பாடு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் கூட்டலின் செலவு குறையும். கம்பி வழியே தரவைத் தூரம் கொண்டுபோகும் செலவு அந்த அளவுக்குக் குறையாது. நினைவகத்துக்குப் பக்கத்திலேயே கணக்குப் போடுவது, 32 பிட்டுக்குப் பதில் 8 பிட் எண்களால் வேலையை முடிப்பது, ஒருமுறை எடுத்து வந்த தரவைப் பலமுறை பயன்படுத்துவது என்று இன்றைய ஆய்வில் பெரும்பங்கு இந்தச் செலவைச் சுற்றியே நடக்கிறது. இரண்டு நானோமீட்டர் வந்தாலும் உங்களுக்கு வேலை இருக்கும்.

உலகக் கணக்கையும் பாருங்கள். 2010-க்கும் 2018-க்கும் இடையில் டேட்டா சென்டர்கள் செய்த வேலை 550 சதவீதம் கூடியது. மின்செலவு 6 சதவீதம்தான் ஏறியது. 2020-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. சின்னச் சின்ன சர்வர் அறைகளை மூடிப் பெரிய மையங்களுக்கு மாறியதும், குளிரூட்டல் மேம்பட்டதும் முக்கியக் காரணங்கள். ஆனால் எளிதில் கிடைக்கும் சேமிப்பு தீர்ந்துகொண்டு வருகிறது. பி.யு.இ. என்ற அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மையம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, கணினிகளுக்குப் போய்ச் சேர்வதால் வகுத்தால் வருவது. சிறந்த மையங்களில் அது 1.1-ஐத் தொட்டுவிட்டது. அங்கே குளிரூட்டலில் மிச்சம் பிடிக்க இனி அதிகம் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டியது சிப்பிலும் மென்பொருளிலும். சர்வதேச எரிசக்தி முகமை 2024-இல் டேட்டா சென்டர்களின் செலவை ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் என்றும், 2030-இல் அது 94,500 கோடி ஆகலாம் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் மாவட்டத்துக் கோவில்களப்பால் எரிவாயு மின்நிலையத்தின் திறன் சுமார் 108 மெகாவாட். செயற்கை நுண்ணறிவுக்காக இப்போது கட்டும் பெரிய மையங்களில் ஒன்றே அவ்வளவையும் கேட்கும், அதற்கு மேலும் கேட்கும்.

எதை எடுத்துக்கொள்வது?

"சுற்றிலிருந்து டேட்டா சென்டர் வரை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நல்லது, ஆனால் ஒரு முனைவர் பட்டத்துக்கு அது நாலு தலைப்பு. உங்கள் கையால் எதை அளக்க முடியுமோ அதைத் தலைப்பாக எடுங்கள். அளக்க முடியாத ஒன்றைச் சிமுலேஷனில் மட்டும் வைத்துச் செய்த ஆய்வேடுகளை நிறையப் படித்திருக்கிறேன். முப்பது சதவீதம் சேமிப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கும். அந்த முப்பதை எந்த மீட்டரும் பார்த்திருக்காது.

அளக்க வசதி இல்லை என்று சொல்லாதீர்கள். 2011-க்குப் பின் வந்த இன்டெல் கணினிகளில் ரேப்பிள் என்ற எரிசக்திக் கணக்கி உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் நிர்வாகி உரிமை இருந்தால் ஒரு கோப்பைப் படிப்பதுபோலப் படித்துவிடலாம். ஒரு பெரிய அணிப் பெருக்கலை நேரடியாக எழுதி ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான கேஷுக்குள் அடங்கும் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எழுதி ஓட்டுங்கள். விடை ஒன்றே; ஜூல் கணக்கு பல மடங்கு மாறுவதைப் பார்ப்பீர்கள். ஹோரோவிட்ஸின் அட்டவணை உங்கள் கல்லூரி லேபிலேயே உயிரோடு தெரியும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ரேப்பிள் பிராசசரை மையமாக வைத்து அளப்பது, முழுக் கணினியை அல்ல. சுவரில் ஒரு பிளக் மீட்டரையும் சேர்த்து வைத்தால்தான் கணக்கு முழுசாகும்.

சுற்று மட்டத்தில் ஆசை விடவில்லை என்றால், சுற்றுகளைக் கணினியில் சோதிக்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருள் இலவசம். ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தரவு 2020-இல் திறந்த மூலமாக வெளிவந்துவிட்டது. மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் கல்வி நிறுவனங்களுக்கு விலை உயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்களே கிடைக்கின்றன. ஆலை உங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை. பெரிய சிப் நிறுவனங்கள் பலவற்றுக்கும் சொந்த ஆலை கிடையாது.

என்னைக் கேட்டால், வயலோரக் கருவிகளில் தரவை அனுப்பாமல் அங்கேயே கணக்கிடுவது என்ற தலைப்பு உங்களுக்கு அமையும். ஒரு பிட்டை ரேடியோவில் அனுப்புவதற்கு ஆகும் ஆற்றலில் சிப்புக்குள் எத்தனையோ கணக்குகள் போட்டுவிடலாம். குறுவைக்கு எப்போது தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கருவியே தீர்மானித்து, மாற்றம் இருந்தால் மட்டும் சொல்லட்டும். சோதனைக்கான வாய்க்கால் உங்கள் வாசலில் ஓடுகிறது. பெருநகர ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

டெல்டாவுக்கே டேட்டா சென்டர் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. நீராவியாக்கிக் குளிர்விக்கும் முறைக்கு நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். உங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. காற்றில் ஈரமும் அதிகம் என்பதால் அந்த முறையே இங்கே முழுப் பலன் தராது. 2020-இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த மண்ணில், பாசனத்தோடு போட்டி போடும் ஒன்றை நாமே கேட்டு வாங்க வேண்டாம். கட்டி முடித்த பிறகு அது தரும் வேலைகளும் குறைவுதான்.

மூன்று வழிகள்

ஆய்வுக்குப் போனால் வருமானம் நின்றுவிடும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2023 ஜனவரி முதல் முழுநேர ஆய்வாளருக்கான மத்திய அரசு உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000. இப்போது வாங்குவதைவிட அதிகம். இது உதவித்தொகை உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். அதனால் பொறியியல் உயர்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய பரம் பொருள் என்ற 838 டெராஃப்ளாப் சூப்பர் கணினி இருக்கிறது, திரவத்தால் குளிர்விக்கப்படுவது. உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் ஒரு நிஜ இயந்திரம்.

பகுதிநேர ஆய்வு பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் கல்லூரியிலேயே இருந்துகொண்டு, வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கும். உங்கள் சூழ்நிலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். டேட்டா சென்டர் வேலையில் யு.பி.எஸ்., குளிரூட்டல், மின் விநியோகம் எல்லாம் கையால் தெரியவரும். ஷிப்ட் இருக்கும். அங்கே பார்க்கும் எண்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் ஆய்வில் போட முடியாது. சேருமுன் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். கேட்டில் இந்த வருஷம் சரியாக அமையாவிட்டால், ஒரு வருஷத்துக்கு இது நல்ல இடைவழி.

கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. முடிவு உங்களுடையது. ஒரு தகவல் மட்டும்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. பெண் பார்க்க வருபவர்களிடம் ஆய்வு பற்றி முதலிலேயே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அம்மா பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

அந்த கன்சல்டன்ட்டின் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். காசுக்குப் போட்ட கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால், அந்தக் குறிப்போடு உங்கள் பெயர் இணையத்தில் நிற்கும்; எந்த நேர்முகத் தேர்விலும் அதைத் தேடிப் பார்ப்பார்கள். மேலே சொன்ன 2022 விதிகளில், ஆய்வேடு கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் எடுக்கப்பட்டுவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியாக அதை வைத்திருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியும் சேருவதற்கு முன் அது தேவையே இல்லை.

சான்றிதழ்: முதலில் செய்ய வேண்டியது

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தப் பிரச்சினையோடு வரும் இளம் ஆசிரியர்களை அடிக்கடி பார்க்கிறேன். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அதனால் எனக்கு உரிமை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான எண்ணம். கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் இல்லை, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலச் சம்பளம் பாக்கி என்று கல்லூரி கருதினால் அதைத் தனியாகக் கேட்கலாம். சான்றிதழை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். பணி ஆணையை எடுத்து நோட்டீஸ் எத்தனை மாதம் என்று பாருங்கள். பருவத்தின் நடுவில் விலகாமல், தேர்வு முடிந்து மதிப்பெண்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது மாதிரி தேதியைப் போடுங்கள். பிறகு சான்றிதழ்களைக் கேட்டு ஒரு கடிதம்: என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெளிவாக. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. வாய்ப்பேச்சில் ஆறு மாதச் சம்பளம் கேட்டால், "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கும், தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் புகார். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100.

ஆய்வுச் சேர்க்கைக்கு அழைப்பு வந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் நாள் போதாது. விண்ணப்பம் போடுவதற்கு நகல்கள் போதும், அசலைச் சேரும்போதுதான் கேட்பார்கள். அதற்குள் கையில் வராது போலிருந்தால், தபால் ரசீதையும் புகாரின் நகலையும் இணைத்து, அந்த நிறுவனத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதி அவகாசம் கேளுங்கள்.